ஸ்பீட்லோடர் கிரிப்ல இடிக்குது: எங்க தேய்க்கணும், எவ்ளோ தேய்க்கணும்?

கேள்வி, ஜூன் 2

அண்ணா, என்கிட்ட இருக்கிறது ஸ்மித் அண்ட் வெசன் 686 ரிவால்வர், நாலு இன்ச் பேரல். கைப்பிடில பெரிய மர கிரிப் ஒண்ணு மாட்டிருக்கேன், கைக்கு அவ்ளோ பாந்தமா இருக்கு. ஆனா ஆறு தோட்டாவையும் ஒரே தடவைல சிலிண்டருக்குள்ள இறக்குற ஸ்பீட்லோடர் போக மாட்டேங்குது. தோட்டா முனை சேம்பர்ல, அதான் சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற ஓட்டைல, பாதி இறங்குது, அதுக்குள்ள லோடரோட ஓரம் இடது பக்க கிரிப்ல முட்டி ஒரு பக்கமா சாஞ்சிடுது. லோடர் ஹெச்.கே.எஸ் கம்பெனியோட 586-ஏ. ரேஞ்ச்ல எல்லாரும் கிரிப்ப மாத்துங்கிறாங்க. எனக்கு இந்த கிரிப்ப விட மனசு வரல. அரம் போட்டு ராவலாமா, இல்ல கெட்டுப்போயிடுமா?

ஜூன் 2, ராத்திரி

தாராளமா ராவலாம் தம்பி. கைக்கு ஒத்துவந்த கிரிப்ப லோடருக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல. சிலிண்டர் இடது பக்கம் தொறக்குது, தொறந்ததும் அது வந்து நிக்கிற இடம் இடது கிரிப்போட மேல் பகுதிக்கு முன்னாடி. தோட்டா மட்டும்னா அந்த இடுக்குல போயிடும், ஆனா லோடரோட உடம்பு தோட்டா வட்டத்த விட அகலம், அந்த அகலத்துக்கு அங்க வழி இல்ல. அவ்ளோதான் விஷயம். ஸ்மித் அண்ட் வெசனோட பழைய டார்கெட் கிரிப்புகள்ல இந்த வெட்டு கிடையாது, பின்னாடி வந்ததுல இடது பக்கம் மட்டும் நீள்வட்டமா ஒரு பள்ளம் வச்சே குடுத்தாங்க. நீ கையால செய்யப்போறது அதையேதான்.

மேல் ஓரத்துல இருந்து ஆரம்பி, மூணு மி.மீ ஆழம் எடுத்தா போதும்.

ஜூன் 3, காலைல

நேத்து கடைசி வரில எழுதினத வாபஸ் வாங்கிக்கிறேன். மேல் ஓரத்துல இருந்து ஆரம்பின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் கிரிப்ப நான் பாக்கவே இல்ல, எங்க தொடுதுன்னு உனக்கும் இன்னும் தெரியாது, முட்டுதுன்னு மட்டும்தான் தெரியும்.

இதே தப்ப நான் என்னோட ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19 ரிவால்வர்ல பண்ணிருக்கேன். 1955-ல வந்த டிசைன் அது, என்கிட்ட இருக்கிறது ரொம்பப் பின்னாடி வந்தது. தனியா வாங்கின ரோஸ்வுட் கிரிப் ஒண்ணு போட்டிருந்தேன். கண்ணால பாத்தா மேல் ஓரம்தான் லோடர் பக்கம் நீட்டிட்டு இருந்துச்சு, சரி இதுதான்னு நானே முடிவு பண்ணி அர வட்ட அரத்த எடுத்து அந்த ஓரத்த ராவிட்டேன். நாலு மி.மீ போயிருக்கும். மாட்டிப் பாத்தா லோடர் முன்ன மாதிரியே இடிக்குது. ஏன்னா தொட்டது ஓரமே இல்ல, அதுக்குக் கீழ ஒரு விரல் அகலம் தள்ளி கிரிப்போட வயிறு உப்பலா இருக்கும் பாரு, அங்க. சாஞ்ச லோடர் பாக்கறதுக்கு மேல இடிக்கிற மாதிரி தெரியுது, நிஜமா அதத் தள்றது கீழ இருக்கிற உப்பல். சரியான இடத்துல எடுக்க வேண்டியிருந்தது ரெண்டு மி.மீ கூட இல்ல. ஓரத்துல நான் எடுத்த நாலு மி.மீ இன்னைக்கும் அப்படியே இருக்கு, கட்டைவிரல் வைக்கிறப்பெல்லாம் தட்டுப்படும்.

அதனால அரத்த கீழ வை. மொதல்ல தொடுற இடம் எதுன்னு கண்டுபிடி.

ஜூன் 3, மத்தியானம்

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்க. கிரிப் மேல மாஸ்கிங் டேப் ஒட்டு. லோடரோட ஓரம் முழுக்க மெழுகு கிரேயான் இல்லாட்டி லிப்ஸ்டிக் தடவு. டம்மி ரவுண்டு ஆறும் போட்டு மெதுவா இறக்கு, சாயுற இடத்துல நிறுத்து, எடு. டேப்ல கறை எங்க இருக்கோ அதுதான் இடம். சிலிண்டர ஒரு சேம்பர் நகத்தி மறுபடி. மூணு தடவையும் ஒரே இடத்துல கறை விழுந்தாத்தான் நம்பணும்.

டம்மின்னு நான் சொல்றது ப்ரைமரும் இல்லாம பவுடரும் இல்லாம இருக்கிறது. சுடக்கூடிய நிஜ ரவுண்டு அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. சிலிண்டரத் தொறந்து ஆறு சேம்பரயும் கண்ணால பாரு, விரல விட்டும் பாரு. டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்தா மறுபடி பாரு. இந்த வேலைல துப்பாக்கிய நூறு தடவ கையில எடுத்து வைப்போம், நூறுல ஒண்ணுல அசந்தாலும் போச்சு.

ஜூன் 5

ராவறதுக்கு முன்னாடி இன்னொரு சந்தேகத்தயும் தீத்துக்கணும். லோடர் சரியான லோடர்தானா? ஜே, கே, எல்-ங்கிறது ஸ்மித் அண்ட் வெசனோட ஃப்ரேம் அளவு, ஜே சின்னது, எல் பெருசு. தம்பிகிட்ட இருக்கிற 586-ஏ எல் ஃப்ரேமுக்கு உள்ளது, 686-ம் எல் ஃப்ரேம், அதனால அவருக்குப் பிரச்சனை இல்ல. ஆனா இதைப் படிச்சிட்டு ரெண்டு பேர் எனக்கு எழுதினாங்க, ஒருத்தர் கே ஃப்ரேம்ல 586-ஏ போட்டுப் பாத்துட்டு கிரிப்ப திட்டிட்டு இருக்கார். கே ஃப்ரேமுக்கு 10-ஏ, அஞ்சு ரவுண்டு ஜே ஃப்ரேமுக்கு 36-ஏ. கே சிலிண்டர் குறுக்களவு கிட்டத்தட்ட 36.8 மி.மீ, எல் சிலிண்டர் 39.6 மி.மீ பக்கம். சுத்தி ஆறு ஓட்டையும் அந்த அளவுக்கு தள்ளித் தள்ளி இருக்கு, ஒண்ணோட லோடர் இன்னொண்ணுல ஒழுங்கா உக்காராது.

இதுல இன்னொரு சிக்கல், கே-க்கும் எல்-க்கும் கைப்பிடி ஃப்ரேம் ஒரே அளவுதான், ஒண்ணோட கிரிப் இன்னொண்ணுல அப்படியே ஏறும். அதனால கே-ல எந்தத் தொந்தரவும் குடுக்காத கிரிப் எல்-ல மாட்டினதும் இடிக்கும், ஏன்னா லோடர் பெருத்திடுச்சு, கிரிப் பெருக்கல. கே ஃப்ரேமான என் மாடல் 19-ல சிரமமே இல்லாம இருந்த கிரிப் ஒண்ண நண்பரோட எல் ஃப்ரேம் 586 ரிவால்வருக்கு மாத்தினப்ப இதேதான் ஆச்சு. அவர் கிரிப்புல கோளாறுன்னே நினைச்சிட்டிருந்தார்.

லோடர் வகையும் பாக்கணும். ஹெச்.கே.எஸ்ல குமிழத் திருகினா ரவுண்டு விடும். கொஞ்சம் சாஞ்சிருந்தாக்கூட ஆட்டி ஆட்டி ஒப்பேத்திடலாம், அதனாலயே நிறைய பேர் கிரிப் இடிக்கிறதயே உணராம வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. சஃபாரிலேண்ட் கம்பெனி லோடர்ல அப்படி முடியாது. லோடர நேரா உள்ள தள்ளணும், நடுவுல இருக்கிற பட்டன் எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாரோட, அதான் காலி உறைய வெளில தள்ற நட்சத்திரத் துண்டோட, நடுப்பகுதில அமுங்கினாத்தான் ஆறும் விழும். கால் டிகிரி சாஞ்சாலும் பட்டன் அமுங்காது, நாம என்னத்துக்கு அமுங்கலன்னு இன்னும் பலமா குத்துவோம், கிரிப்ல தடம்தான் விழும். ஒரு கிரிப் சஃபாரிலேண்டுக்கு வழி விட்டுச்சுன்னா நேரா இறங்குதுன்னு அர்த்தம். நான் ஹெச்.கே.எஸ் வச்சுப் பழகினாலும் கடைசி சோதனைய சஃபாரிலேண்ட் வச்சுத்தான் பண்ணுவேன்.

ஜூன் 8

தம்பி டேப் சோதனை பண்ணிட்டார். கறை எங்க விழுந்திருக்கு தெரியுமா? மேல் ஓரத்துல ஒண்ணு, லேசா. ஸ்க்ரூ தலைக்கு நேர் மேல ஒண்ணு, நல்லா அழுத்தமா. ஆக அழுத்தமா இருக்கிறதுதான் முதல் எதிரி. அத எடுத்துட்டா மேல இருக்கிறது தானா விலகவும் வாய்ப்பிருக்கு, அதனால மேல் ஓரத்த இப்பத் தொடவே வேண்டாம்.

இனி வேலை. அரத்தால ராவினா தட்டையா வரும் இல்லன்னா வரிவரியா வரும், ரெண்டும் அசிங்கம். டிரெமல் மாதிரி சுத்துற மெஷினுக்கு டிரம் போட்டா ரெண்டே செகண்ட்ல பள்ளம் விழுந்திடும், மரத்த எடுக்கலாம், எடுத்தத ஒட்ட முடியாது. எனக்கு சரியா வந்த கருவி லோடரேதான். உடைஞ்சதோ பழசோ ஒரு லோடர் இருந்தா அதோட உடம்புல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் சுத்தி மேல உப்புத்தாள இறுக்கமா ஒட்டிடு. எந்த வளைவு இடிக்குதோ அதே வளைவால தேய்க்கிறோம், பள்ளம் அதே உருவத்துல விழும், உப்புத்தாளோட தடிமன் அளவுக்கு சின்னதா இடைவெளியும் கூடவே கிடைச்சிடும். பழைய லோடர் இல்லன்னா அதே சுற்றளவுக்கு ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் குழாயோ தேடிக்கோ.

கிரிப்ப கழட்டுறதப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்க்ரூவ முழுசா எடுத்துட்டு நகத்தாலயோ ஸ்க்ரூடிரைவராலயோ நெம்பாத, ஓரம் பிச்சிக்கும். ஸ்க்ரூவ மூணு நாலு சுத்து தளத்திட்டு தலைய ஸ்க்ரூடிரைவர் பிடியால மெல்லத் தட்டு, எதிர்ப்பக்கத் துண்டு தானா விலகிக் குடுக்கும்.

இடது துண்ட கையில எடுத்ததும் திருப்பிப் போட்டு உள்பக்கத்தப் பாரு. நிறைய கிரிப் உள்ள குடைஞ்சிருக்கும், ஸ்பிரிங்குக்கு இடம் விடறதுக்காக. வெளில பாத்தா பன்னண்டு மி.மீ மரம் மாதிரி இருக்கும், குடைஞ்ச இடத்துல அஞ்சுதான் இருக்கும். வெர்னியர் வச்சு அளந்துட்டு, எடுத்தது போக ரெண்டரை மி.மீயாவது மிஞ்சணும்னு நான் வச்சிருக்கேன். அதுக்குக் கீழ போனா ஸ்க்ரூ முறுக்கினப்பவே கீறல் விடும். இன்னொருத்தர் கிரிப்ல அந்தக் கீறல் சத்தத்த நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன், நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு.

எண்பது நம்பர் தாள்ல ஆரம்பிச்சா வேகமா போகும், ஆனா அதோட கீறல எடுக்கவே இன்னொரு அரை மி.மீ போயிடும், அதனால மெல்லிசா எடுக்க வேண்டியிருந்தா 120-லயே ஆரம்பி. இருபது இழுப்பு, மாட்டு, டேப் ஒட்டு, கறை பாரு. மறுபடி இருபது இழுப்பு. பொறுமைய சோதிக்கும், எனக்கு மொத்தம் முப்பது தடவையாவது மாட்டிக் கழட்ட வேண்டியிருந்தது. கறை விழறது நின்னதும் ஒரு விசிட்டிங் கார்ட லோடருக்கும் கிரிப்புக்கும் நடுவுல விட்டுப் பாரு, அது தாராளமா நகந்துச்சுன்னா அங்கயே நிறுத்து. அதுக்கு மேல எடுக்கிறது எல்லாம் வீண்.

ஜூன் 8, ராத்திரி

ஒருத்தர் கிரிப்ப துப்பாக்கில மாட்டினபடியே தேய்க்கலாம், ஃப்ரேமோட சமமா வரும்னு சொல்றார். செய்யாதீங்க. மரத்தூளும் உப்புத்தாள் மணலும் ட்ரிகர் பக்கமும் ஹேமர் பக்கமும் இறங்கும், எண்ணெயோட கலந்து களிம்பா நிக்கும். நான் ஒரு தடவ செஞ்சுட்டு துப்பாக்கியோட பக்க மூடியான சைட் பிளேட்ட கழட்டி முழுசா கழுவினேன்.

தூசு பத்தியும் சொல்லிடறேன். கோகோபோலோ, ரோஸ்வுட் வகை மரத்தூள் நிறைய பேருக்கு தோல்ல தடிப்பும் மூச்சு எரிச்சலும் குடுக்கும். ஜி10-ங்கிறது மரமே இல்ல, கண்ணாடி இழையும் எபாக்ஸியும், அதக் காஞ்சபடி தேய்க்கவே கூடாது. தண்ணி விட்டு ஈரமா தேய்க்கணும், நல்ல மாஸ்க் போடணும். துணியோ காகிதமோ பிசினோட சேத்து இறுக்கின மைகார்ட்டாவுக்கும் இதேதான்.

ஜூன் 11

இத்தனை நாளா லோடர் போறதப் பத்தியே பேசிட்டோம். சுட்ட தோட்டாவோட உறை, அதான் காலி கேஸ், வெளில வர்றதப் பத்தி யாரும் கேக்கல, என்னைக் கேட்டா அதுதான் பெரிய விஷயம்.

லோடர் இடிச்சா என்ன ஆகும், நேரம் போகும், அவ்ளோதான். காலி கேஸ் கிரிப்ல மாட்டிக்கிட்டா துப்பாக்கியே நின்னு போயிடும். எப்படின்னா, சிலிண்டருக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்கிற எஜெக்டர் ராட அமுக்கினதும் ஸ்டார் ஆறு கேஸோட விளிம்பையும் பின்னாடி தள்ளுது. அஞ்சு வெளில வந்து விழுந்திடும். கிரிப்புக்குப் பக்கத்துல இருக்கிற ஆறாவது கேஸ் பின்னாடி வந்து கிரிப்ல முட்டி சாயும். சாஞ்சதும் அதோட விளிம்பு ஸ்டார விட்டு நழுவும், நாம ராட விட்டதும் ஸ்டார் திரும்பி உள்ள போகும், கேஸ் சேம்பருக்குள்ள சறுக்கும், விளிம்பு இப்ப ஸ்டாருக்கு அடியில. இனி எத்தனை தடவ அமுக்கினாலும் அது வராது. ஸ்டார பின்னாடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால நகத்த விட்டுத் தோண்டி எடுக்கணும். போட்டி நடுவுல எனக்கு இது நடந்திருக்கு, பஸ்ஸர் அடிச்சப்புறம் பதினஞ்சு செகண்ட் நான் ஒரு கேஸோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன், விரல் நுனி எல்லாம் கரி.

.357 மேக்னம் ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். .357 கேஸ் நீளம் 32.8 மி.மீ, .38 ஸ்பெஷல் 29.3 மி.மீ. மூணரை மி.மீ வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா ரெண்டு இன்ச் பேரல் துப்பாக்கில எஜெக்டர் ராடே குட்டை, நீளக் கேஸ முழுசா வெளில தள்ளவே செய்யாது. மிச்சத்த நாம வேகமா தட்டுறதால வர்ற உந்துதலும் பூமி இழுக்கிறதும்தான் செய்யணும். அந்த நேரத்துல கிரிப் வழியில நின்னா கேஸ் அங்கயே தொங்கும். அதனால .38 போட்டப்ப சரியா இருந்த கிரிப் .357 போட்டதும் தகராறு பண்றதுல ஆச்சரியமே இல்ல.

சோதிக்கறப்ப புதுக் கேஸ் வச்சு சோதிக்காதீங்க. சுட்ட கேஸ் கொஞ்சம் உப்பியிருக்கும், கரி இருக்கும், மெதுவா வரும். அதுதான் உண்மை நிலவரம். ரேஞ்ச்ல பொறுக்கின சுட்ட கேஸ் ஆறு எடுத்து சிலிண்டர்ல போட்டு, பேரல வானம் பாக்கத் தூக்கி, ராட மெதுவா அமுக்கு. ஆமா மெதுவா. வேகமா தட்டினா தப்ப மறைச்சிடும். மெதுவா அமுக்கறப்ப எந்தக் கேஸ் கிரிப்ப உரசுதுன்னு தெளிவா தெரியும், அங்க ஒரு பென்சில் கோடு போடு. லோடர் கறை விழுந்த இடமும் இந்தக் கோடும் ஒண்ணா இருக்காது, பெரும்பாலும் இது கொஞ்சம் மேல, ஃப்ரேம ஒட்டி இருக்கும்.

தம்பி, நான் மேல் ஓரத்த தொடாதன்னு 8-ஆம் தேதி சொன்னேன்ல, இந்த சோதனைல கேஸ் உரசினா அப்பத் தொடலாம். அந்த ஓரத்துல ஒரு சாய்வு போதும், பள்ளம் வேண்டாம்.

ஜூன் 12

"இவ்ளோ கஷ்டத்துக்கு மூன் கிளிப் போட்டுட்டுப் போகலாமே"ன்னு ஒரு அண்ணாச்சி எழுதிருக்கார். ஆறு தோட்டாவையும் சேத்துப் பிடிச்சு, அப்படியே சிலிண்டர்ல உக்கார்ற மெல்லிசுத் தகடுதான் மூன் கிளிப். அருமையான விஷயம், மறுக்கவே இல்ல. 1999-ல ரிவால்வர் போட்டி வீரர் ஜெர்ரி மிகுலெக் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு, மொத்தம் 2.99 செகண்ட்ல முடிச்சது .45 ஏ.சி.பி மூன் கிளிப் போட்ட மாடல் 625-ல. ஆனா அதுக்குன்னு சிலிண்டர வெட்டி வச்சிருக்கணும். அதோட கிரிப் பிரச்சனை மூன் கிளிப்ல போயிடும்னு நினைக்காதீங்க. ஆறு காலிக் கேஸும் ஒரே தட்டா வெளில வருது, ஒரு கேஸ் கிரிப்ல மாட்டினா ஆறும் மாட்டும். லோடர் உடம்பு இல்லாததால போறப்ப எளிசு, வர்றப்ப வழி இன்னும் சுத்தமா இருக்கணும்.

தோட்டாவ வரிசையா பிடிச்சிருக்கிற பட்டை, ரெண்டு ரெண்டா போடற ஸ்பீட் ஸ்ட்ரிப், கிரிப்ல இடிக்கவே இடிக்காதுங்கிறது நிஜம். பாக்கெட்ல தட்டையா கிடக்கும். ஜே ஃப்ரேமோட நான் எடுத்துட்டுப் போறது அதுதான். ஆனா லோடர் வேகம் வராது.

இந்த வேகம் ஏன் இவ்ளோ முக்கியம்னு புதுசா வர்றவங்க கேக்கறாங்க. 1970 ஏப்ரல்ல கலிஃபோர்னியால நியூஹால்ங்கிற இடத்துல நெடுஞ்சாலை ரோந்து போலீஸ்காரங்க நாலு பேர் ஒரே சம்பவத்துல செத்தாங்க. அதுல ஒருத்தர் ரிவால்வர்ல தோட்டாவ ஒண்ணொண்ணா நிரப்பிட்டு இருந்தப்ப சுடப்பட்டார். அதுக்கப்புறம்தான் அந்தத் துறை ஸ்பீட்லோடருக்கு மாறிச்சு. இடிக்கிற கிரிப்ப அப்படியே விட்டுட்டு ஓட்டிக்கலாம்னு யாராவது சொன்னா எனக்கு மனசு ஒப்பாததுக்கு இது ஒரு காரணம்.

ஜூன் 17

ரப்பர் கிரிப் கேள்வி நாலஞ்சு வந்திடுச்சு.

ரப்பர் மரம் மாதிரி இல்ல. உப்புத்தாள் போட்டா தாள்தான் அடைச்சுக்கும், ரப்பர் வழிஞ்சு குடுக்கும். கத்தியால சீவினா படிப்படியா வரும். நான் செஞ்சது, கிரிப்ப ஃப்ரீசர்ல ராத்திரி முழுக்க வச்சு கல்லு மாதிரி ஆக்கிட்டு கரடுமுரடான தாள்ல தேய்ச்சேன். அஞ்சு நிமிஷம் வேலை பாக்கலாம், இளகினதும் மறுபடி உள்ள வைக்கணும்.

ஒண்ணு கவனிங்க, ஹோக் கம்பெனி மாதிரி கிரிப்ல மேல ரப்பரும் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் எலும்பும் இருக்கு. ரப்பர் அங்கங்க ரெண்டு மி.மீதான். எலும்பு தெரிஞ்சதும் நிறுத்திடணும், இல்லன்னா ஓரத்துல ரப்பர் உரிய ஆரம்பிச்சிடும். எந்த ரப்பர் கிரிப்பா இருந்தாலும் கழட்டி உள்பக்கம் பாத்துட்டு அப்புறம் கைய வைங்க.

ரூகர் கம்பெனியோட ஜி.பி.100 ரிவால்வர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி. 1985-ல அது வந்தப்பவே கைப்பிடி ஃப்ரேம எடுத்துட்டு ஒரு சின்னத் தூண் மாதிரி மட்டும் விட்டாங்க, கிரிப் அதுல சொருகுற ஒரே துண்டு. உள்ள ஃப்ரேம் இல்லாததால கிரிப்ப எவ்ளோ ஒல்லியா வேணும்னாலும் செதுக்க இடம் இருக்கு.

ஜூன் 18

கல்லு மாதிரின்னு எழுதினது மிகை. வீட்டு ஃப்ரீசர்ல ரப்பர் இறுகும், கல்லாகாது. தேய்க்க வசதியா இருக்கும், அவ்ளோதான். யாரோ ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு கல்லாகலயேன்னு கேட்டிருக்காங்க, மன்னிச்சிடுங்க.

ஜூன் 24

தம்பி தேய்ச்சு முடிச்சாச்சு, கார்டு நகருது. கேஸ் ஒண்ணு மேல் ஓரத்த உரசினதால அங்கயும் சாய்வு குடுத்திருக்கார். இப்ப அந்த இடம் மட்டும் வெளிறிப்போய் புண்ணு மாதிரி இருக்குன்னு வருத்தப்படறார்.

மரம் புதுசா தொறந்தா அப்படித்தான் இருக்கும். 220, 320, 400-ன்னு வரிசையா ஏறு, மரத்தோட ரேகை போற பக்கமாவே தேய்க்கணும், குறுக்க தேய்ச்ச கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சுன்னு தெரியும். 400 முடிஞ்சதும் ஈரத் துணியால ஒரு தடவ துடை, மரத்துல மயிர் மாதிரி நார் எழும்பும். காஞ்சதும் அத அதே தாளால லேசா தட்டி விடு. அப்புறம் டங் ஆயிலோ லின்சீட் ஆயிலோ, விரல் நுனில ஒரு சொட்டு, சூடு பறக்கத் தேய், பத்து நிமிஷம் விட்டு மிச்சத்தத் துடைச்சிடு. ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. நான் ஆறு பூச்சு வரைக்கும் போவேன். மொத நாள் பூசினதும் நிறம் பாதி சேந்திடும், மிச்சம் வெளிச்சமும் கை வியர்வையும் பாத்துக்கும்.

கம்பெனி வார்னிஷ் போட்ட கிரிப்னா பழைய வார்னிஷும் புது எண்ணெயும் சேர்ற இடத்துல ஒரு கோடு நிக்கும், அது போகாது. ரெண்டு துண்டயும் முழுசா சுரண்டி முதல்ல இருந்து எண்ணெய் போடறதுதான் வழி. தம்பி கிரிப்ல வார்னிஷ் இல்ல, தப்பிச்சார். சாயம் ஏத்தின லேமினேட் மரமா இருந்தா எண்ணெயே வேண்டாம், அதுல பிசின் ஊறிப் போயிருக்கு, ஆயிரம் நம்பர் தாள் வரைக்கும் ஏத்தித் துணியால பாலிஷ் பண்ணினாலே மின்னும்.

லின்சீட் எண்ணெய் துடைச்ச துணிய கசக்கி மூலையில போடாதீங்க. அது தானா சூடேறித் தீப்பிடிக்கும், இது கதை இல்ல. விரிச்சுக் கொடில காயப் போடுங்க, இல்ல தண்ணி டப்பால போட்டு மூடுங்க.

ஜூலை 1

இடது கைக்காரர் ஒருத்தர், தனக்கு வலது பக்கம் தேய்க்கணுமான்னு. இல்ல சார், சிலிண்டர் யார் கையில இருந்தாலும் இடது பக்கம்தான் தொறக்கும், அதனால இடது துண்டுதான். ஆனா வலது கைக்காரனுக்கு அந்தப் பள்ளத்துல கட்டைவிரல் சுகமா உக்காரும், உங்களுக்கு அதே இடத்துல உள்ளங்கை மேடு வந்து அழுந்தும். பள்ளத்தோட விளிம்ப நல்லா உருட்டி விடுங்க, கண்ண மூடி தடவினா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியக் கூடாது. கூரா விட்டா அம்பது ரவுண்டுல தோல் சிவந்திடும்.

கட்டைவிரல் தாங்கல் வச்ச பழைய டார்கெட் கிரிப்பு மட்டும் வேண்டாம்னு சொல்வேன். அந்தத் தாங்கலே லோடர் வழியில அலமாரிப் பலகை மாதிரி நிக்குது, அத எடுத்துட்டா கிரிப்போட உருவமே போயிடும். அத குறி பாத்து நிதானமா சுடறதுக்கு வச்சுக்கிட்டு லோடருக்கு வேற கிரிப் போடுங்க. செக்கரிங், அதான் வழுக்காம இருக்க குறுக்கும் நெடுக்குமா வெட்டின கோடு, போட்ட கிரிப்பும் யோசிச்சுத்தான். பள்ளம் செக்கரிங் கட்டத்துக்குள்ள போனா பல்லு உடைஞ்ச சீப்பு மாதிரி ஆயிடும், கட்டத்துக்கு வெளிய முடிஞ்சா கவலையில்ல.

ஜூலை 9

தம்பி நேத்து ரேஞ்சுக்குப் போயிட்டு வந்து எழுதிருக்கார். லோடர் பன்னண்டு தடவ, பன்னண்டும் நேரா இறங்குச்சு. ஆனா காலிக் கேஸ் ரெண்டு தடவ தொங்கிருக்கு, இன்னும் கொஞ்சம் ராவட்டுமான்னு கேக்கறார்.

வேண்டாம். அவர் அனுப்பின வீடியோவ நாலு தடவ பாத்தேன். கிரிப் வழிய விட்டுடுச்சு. அவர் பேரல தரைக்குப் படுக்க வச்சு, ராட கட்டைவிரலால ரெண்டு மூணு தடவ குத்திக் குத்தித் தள்றார். படுத்திருக்கிற சிலிண்டர்ல கேஸ் பாதி வந்து நிக்கும், ரெண்டாவது குத்துல விளிம்பு நழுவும். பேரல் நேரா மேல பாக்கணும், உள்ளங்கையால ஒரே தட்டு, முழு நீளத்துக்கு. அப்புறம் பேரல் கீழ பாக்கணும், அப்பத்தான் லோடர் விட்ட ரவுண்டு தானா விழும்.

ஸ்டாருக்கு அடியிலயும் ஒரு டூத்பிரஷ் போட்டுப் பாக்கச் சொன்னேன். பாத்துட்டு போட்டோ அனுப்பினார், எரியாத பவுடர் துணுக்கு ரெண்டு ஒட்டிட்டு இருந்துச்சு.

ஜூலை 10

இன்னைக்கு சாயந்திரம் நாப்பத்தெட்டு கேஸ் தட்டினாராம், ஒண்ணும் தொங்கல. சஃபாரிலேண்ட் லோடர் ஒண்ண கடன் வாங்கி அதுலயும் போட்டுப் பாத்திருக்கார், தள்ளினதும் ஆறும் விழுந்திடுச்சாம்.

நானும் என் மாடல் 19-ஓட ரோஸ்வுட் துண்ட இன்னைக்கு வெளில எடுத்தேன். தப்பா ராவின அந்த மேல் ஓரத்த கீழ இருக்கிற பள்ளத்தோட ஒரே சாய்வா இணைச்சிடலாம்னு தோணுச்சு, உள்பக்கம் அளந்தேன், அந்த இடத்துல இன்னும் நாலு மி.மீ மரம் இருக்கு. 120 தாள் ஒட்டின லோடர வச்சு இருபது இழுப்பு இழுத்திருக்கேன். டேப் ஒட்டிட்டு நாளைக்கு பாக்கணும்.